தூக்க ஏலாத கை

1

போன கிழமை கனடாவிலிருந்து ஒரு படம் வந்தது. என் தம்பி கேதீஸ் ஒரு கடை வாசலில் நிற்கிறான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான், வலது கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டிருக்கிறான். படத்தைக் குசினி அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தேன். பத்து வயது மகள் தர்சி பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜெர்மனில் கேட்டாள், மாமா ஏன் எல்லாப் படத்திலும் ஒரு கையை ஒளிக்கிறார் என்று.

"குளிர், பிள்ளை" என்றேன்.

"அப்ப இதிலை?" என்று முந்தி வந்த படத்தை எடுத்து நீட்டினாள். அதில் அவன் அரைக்கைச் சேட்டோடு வெயிலில் நிற்கிறான். அதிலும் கை பொக்கற்றுக்குள்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண் நாலு. நான் சோறு வடிக்கப் போவது போல எழும்பிப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு அவன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். ஊரில் இருக்கும் நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள், "தம்பி ஏன் ஜெர்மனியை விட்டுப் போனவன், அங்க நல்லாத்தானே இருந்தவன்?" என்று. நானும் ஒவ்வொரு முறையும், "விசாப் பிரச்சினை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். இந்த முறை முழுவதையும் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லுவா. அந்த வாய் செய்த வேலைதான் இது.

2

நானும் இவரும் ஐந்து வயதுத் தர்சியைத் தூக்கிக்கொண்டு எண்பத்துநாலில் இங்கே வந்தோம். கொலோனிலிருந்து ரெயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு சின்னப் பட்டணத்தில், பழைய தொழிற்சாலை விடுதி ஒன்றில் எங்களை விட்டார்கள். ஒரு அறை, ஒரு குசினி, அந்தக் குசினிக்கு நாலு குடும்பம். கேதீஸ் அடுத்த வருடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது.

அவன் ஏன் வந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். உள்ளங்காலில் குழாயால் அடித்தார்கள். வெளியில் வந்தபோது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். இங்கே குளிர் விடியற்காலங்களில் கட்டில் விளிம்பில் இருந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பான். ஆனால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு தழும்பு இல்லை.

விடுதியில் குலம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். அகதி விசாரணைக்குப் போகிறவர்கள் எல்லாம் முதல் நாள் அவரிடம் போய்க் 'கேஸ்' கேட்பார்கள். யார் யாருக்கு எந்தக் கதையால் விசா கிடைத்தது என்று விரல்விட்டுச் சொல்லுவார். எங்களுடைய கேஸையும் அவர்தான் எழுதினார். கேதீசின் விசாரணைக்கு ரேர்மீன் என்கிற தவணை நாள் வந்தபோது அவனையும் நான்தான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் அவனுடைய காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலிலை அடையாளம் ஒண்டும் இல்லையே தங்கச்சி" என்றார். "உதை ஆர் நம்புவாங்கள்? கையைச் சொல்லச் சொல்லும். வலது கையிலை அடிச்சவங்கள், இப்ப தோளுக்கு மேலை தூக்க ஏலாது எண்டு."

கேதீஸ் என்னைப் பார்த்தான். "அக்கா, கை நல்லாத்தானே இருக்கு."

"கை நல்லா இருந்து என்ன பிரயோசனம், விசா இல்லாட்டி?" என்றேன் நான். "ஊரோட ஒத்து ஓடு. எல்லாரும் சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டு வா."

அன்று பின்னேரம் குசினி மேசையில் அவனுக்குப் பழக்கினேன். தண்ணீர்க் கிளாசை இடது கையால் எடு என்றேன். கதவை இடது கையால் திற. விசாரிக்கிற அதிகாரி எழுந்து கை தந்தால் வலது கையை இடுப்பு மட்டத்துக்குத்தான் கொண்டு போகவேண்டும், அதற்குமேல் ஒரு விரற்கடை போகக்கூடாது. அவன் மறந்து கையை உயர்த்தியபோதெல்லாம் அகப்பைக் காம்பால் தட்டினேன். தர்சி இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் நடந்ததோடு கையையும் சேர்த்து, பழக்கினபடி சொல்லிவிட்டு வந்தான். முடிவு வரும், காத்திருங்கள் என்றார்கள். வேலைக்குப் போகத் தடை. மாவட்ட எல்லையைத் தாண்டத் தடை. மாதத்துக்கு மாதம் அரசாங்கக் கந்தோருக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு வருவதுதான் எங்கள் உத்தியோகம்.

3

விடுதிக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அடுத்த இளவேனிலில் அங்கே கொஞ்ச ஜெர்மன் பெடியள் தலைக்குக் கவசமும் தோளுக்குத் தலையணை போன்ற ஒன்றும் போட்டுக்கொண்டு, உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்தை எறிந்து விளையாடத் தொடங்கினார்கள். ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துவதுதான் அதில் பெரும்பகுதி. "என்ன கண்டறியாத விளையாட்டு" என்று யன்னலைச் சாத்தினேன்.

ஒரு நாள் அந்தப் பந்து வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது. கேதீஸ் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றான். ஒரு பெடியன் கையைக் காட்டினான், எறி என்று. ஊரில் இவன் கல்லூரிக் கிரிக்கெற் அணியில் துடுப்பாட்டத்துக்காக எடுபட்டவன் இல்லை, எறிக்காக எடுபட்டவன் என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தால் பந்து நிலத்தில் படாமல் விக்கெற் காப்பாளனின் கையில் போய் விழும். பந்து இவன் கைக்குப் போனால் பக்கத்து ஊர்க்காரர் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடமாட்டார்கள்.

எறிந்தான். பந்து கேட்ட பெடியனையும் தாண்டி, அவனுக்குப் பின்னால் நின்றவர்களையும் தாண்டி, மறு கரையில் நின்ற பயிற்சியாளரின் நெஞ்சில் போய் விழுந்தது. வெர்னர் என்று பெயர், எங்கள் தெருப் பேக்கரிக்காரர். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வேலிவரை ஓடிவந்தார்.

அப்படித்தான் என் தம்பி அமெரிக்கக் கால்பந்து விளையாட்டுக்காரன் ஆனான். அதில் குவாட்டர்பேக் என்று ஒரு இடம் இருக்கிறது. ஆட்டத்தை நடத்துகிறவன். மற்றப் பத்துப் பேருக்கும் யார் எங்கே ஓடவேண்டும் என்று சொல்லிவிட்டு, பந்தைக் கையில் வாங்கி, தன்னை விழுத்த வருகிறவர்கள் வந்து சேருமுன் எறியவேண்டும். அந்த இடத்தில் அவனை விட்டார்கள். ஜெர்மனை அவன் வகுப்பில் படிக்கவில்லை, அந்தப் புல்வெளியில் கத்திக் கத்தித்தான் படித்தான். ஒரு நாள் கந்தோரில் பிறந்த திகதி கேட்டதற்குப் பதறிப்போய், "நீலம் இருபத்திரண்டு, இடது!" என்று ஆட்டத்தில் கத்துகிற கட்டளையைச் சொல்லிவிட்டான். முத்திரை குத்துகிற மனிசி கூடச் சிரித்தா.

வெளி ஆட்டங்களுக்கு எல்லை தாண்டவேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதித் துண்டு. வெர்னர் விடியப்புறம் சுட்ட பாணோடு கந்தோர் வாசலில் போய் நின்று வாங்கிக்கொண்டு வருவார். ஞாயிறுகளில் நானும் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். விதிகள் ஒன்றும் விளங்காது. ஆனால் அவன் பந்தை எறிந்ததும் இருநூறு முந்நூறு வெள்ளைக்காரச் சனம் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும். அந்தச் சத்தம் எனக்கு விளங்கியது. தர்சி கதிரையில் ஏறி நின்று, "மாமா! மாமா!" என்று கத்துவாள். அந்த இரண்டு மணித்தியாலம் நாங்கள் அகதிகள் இல்லை.

ஆட்டம் முடிந்து தெருவில் நடந்து வரும்போது மட்டும் அவன் வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். கந்தோர்க்காரர் யாரும் கண்டுவிடுவார்களோ என்று. எனக்குச் சிரிப்பு வரும்.

4

அடுத்த வருடம் கொலோனில் ஒரு பெரிய அணிக்குப் பயிற்சி கொடுக்கும் அமெரிக்கர் ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார். முந்தி இராணுவத்தில் இருந்து, ஜெர்மன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். தொழிற்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். ஆட்டம் முடிய எங்கள் குசினிக்கே வந்து இருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டு என் தம்பியின் குறைகளைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து பெடியனைக் குறை சொல்லுகிறாயே என்று.

காலை அகட்டி நிற்கத் தெரியாது என்றார். முதலில் கண்ட ஆளுக்கே எறிகிறான், இரண்டாவது ஆளையும் மூன்றாவது ஆளையும் பார்க்கப் பழகவேண்டும் என்றார். இதெல்லாம் யாருக்கும் உள்ளது, ஒரு வருடத்தில் திருத்திவிடலாம். "ஒரு பிழைதான் எனக்கு விளங்கவில்லை" என்றார். எறியுமுன் இவனுடைய கை இடுப்பு மட்டத்தில் ஒரு கணம் நின்றுவிடுகிறதாம். பயந்தது போல நிற்கிறதாம். அதற்குப் பிறகுதான் மேலே வருகிறதாம். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு தயக்கத்தை அவர் எங்கும் கண்டதில்லையாம். "அதை மட்டும் எடுத்துவிட்டால் இவன் எங்கே போவான் என்று எனக்கே தெரியாது. என்னிடம் அனுப்புங்கள். என் பள்ளிக்கூடத்திலேயே படிக்க இடமும் எடுத்துத் தருகிறேன்."

கேதீஸ் அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவன், கை இடுப்பில் நிற்கிற அந்த இடத்தில் மட்டும் ஒருக்கால் நிற்பாட்டிவிட்டான். நான் அகப்பையைப் பார்த்தேன்.

ஆனால் பள்ளிக்கூடம் என்றதும் அவன் முகம் போன போக்கை நான் கண்டேன். ஏ.எல். சோதனை எழுத விடாமல் பிடித்துக்கொண்டு போனார்கள் அல்லவா? விளையாட்டைவிட அவனுக்கு அதுதான். "அக்கா, இருபத்தொரு வயசிலை திரும்பப் பள்ளிக்கூடம்" என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தான்.

5

அணி மாற ஒரு கடிதம் வேண்டும், பழைய அணி விடுவிக்கிறது என்று. தன்னுடைய ஒரேயொரு நல்ல ஆட்டக்காரனை வெர்னர் பேக்கரி மேசையில் வைத்து, மாப் படிந்த கையால், பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு விடுவித்தார். மற்ற மாற்றம் அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது. எங்கள் மாவட்டத்திலிருந்து கொலோனுக்கு இவனுடைய பதிவை மாற்றச் சொல்லி ஒரு அன்ரக், அதாவது விண்ணப்பம், போடவேண்டும். படிவத்தை வெர்னர் நிரப்பினார். இணைப்புகளை நான் அடுக்கினேன்.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட அனுமதி என்றாலும் சரி, பைப் இணைப்பு என்றாலும் சரி, விண்ணப்பத்தோடு விளையாட்டுச் சான்றிதழ், நற்சான்றிதழ், சாரணர் படையில் வாங்கிய துண்டு, எல்லாவற்றையும் வைத்துத் தைத்துத்தானே கொடுப்போம்? கேட்டாலும் கேட்காவிட்டாலும். எவ்வளவு தடிப்போ அவ்வளவு மதிப்பு. அந்தக் கோடையில் எங்கள் பட்டணத்துப் பத்திரிகையில் கேதீசின் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. வலது கை காதுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது, பந்து விரல் நுனியில். கீழே அவன் முழுப் பெயர், ஊர்ப் பெயர். 'சிலோனிலிருந்து வந்த கை' என்று தலைப்பு. ஆறு பத்திரிகை வாங்கினேன். ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். ஒன்றை அழகாக வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, அன்ரக்கின் மேல் வைத்தேன்.

கேதீஸ் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, படம் வேண்டாமே" என்றான்.

"ஏன்?"

அவன் வலது கையை இடது கையால் பிடித்தான்.

"விசரே உனக்கு?" என்றேன். "அது வேற கந்தோர், இது வேற கந்தோர். எங்கட ஊர்க் கச்சேரிக் கந்தோரிலை ஒரு மேசையிலை இருக்கிறவனுக்குப் பக்கத்து மேசையிலை என்ன கிடக்கெண்டு தெரியுமே? அதோட ரெண்டு வரியமாச்சு, உதை ஆர் இப்ப நினைவு வைச்சிருக்கப் போறாங்கள்? நீ ஆரெண்டு அவங்கள் பாக்கட்டும்."

அக்கா சொன்னால் அவனுக்கு அதுதான் முடிவு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். என் கையாலேயே நாலு மூலைக்கும் ஊசி குத்தினேன்.

6

மாற்றத்துக்குப் பதில் வரவில்லை. ஏழு மாதம் கழித்து வந்தது அகதி விண்ணப்பத்தின் முடிவு. மஞ்சள் உறை, பத்துப் பக்கம். கேதீஸ் வெளியில் போயிருந்தான். எனக்கும் இவருக்கும் பொறுமை இல்லை. அப்போது தர்சிக்கு ஒன்பது வயது. வகுப்பில் ஜெர்மன் வாசிப்பில் அவள்தான் முதல். மேசையில் ஏறியிருந்து விரலை வைத்து வாசித்தாள். நீண்ட சொற்களை உடைத்து உடைத்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை?"

"அம்மா, மாமா பொய் சொன்னவராம்."

"மற்றதை வாசி" என்றார் இவர்.

வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்று சொன்னவர், தானே அனுப்பியிருக்கும் படத்தில் அதே கையைக் காதுக்கு மேல் உயர்த்தி நிற்பவராகக் காணப்படுகிறார். ஆகவே பதினொரு நாள் தடுத்துவைக்கப்பட்டதாகவும் உள்ளங்காலில் அடிக்கப்பட்டதாகவும் அவர் சொல்வதையும் நம்ப இடமில்லை. அவ்வளவுதான். ஒரு பொய்யோடு அவனுடைய உண்மை முழுவதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

வெர்னர் ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிசன் நல்லவர். கேட்டார்: "கையைப் பற்றிச் சொல்லச் சொன்னது யார்? அந்த ஆள் வந்து, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மற்றதெல்லாம் உண்மை என்று எழுதித் தந்தால் மேல்முறையீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாம்." குலம் அண்ணை அதற்குள் நாட்டை விட்டே போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்.

வீட்டுக்கு வந்தோம். இவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இஞ்சேரும், எங்கட கேஸும் அங்கதான் கிடக்கு. அதையும் குலம் அண்ணைதான் எழுதினவர். நீர் போய் வாயைத் திறந்தா எங்கடதையும் கிண்டுவாங்கள்."

வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு முறைதான். வாய் திறக்கவேண்டிய ஒரே நாளில்.

அப்போது கேதீஸ்தான் சொன்னான். "வேண்டாம் அக்கா. தர்சி படிக்கிறாள். நான் தனி ஆள், எங்கயும் போவன்."

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு வெடித்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது உண்மை இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. கடவுளே என்று இருந்தது. பிறகுதான், அவன் பை கட்டும்போதுதான், அழுதேன்.

7

எங்களுக்கு இந்த வைகாசியில் விசா கிடைத்துவிட்டது. குலம் அண்ணை எழுதிய கதையை வரிக்கு வரி நம்பியிருக்கிறார்கள். இனி அனுமதித் துண்டு இல்லாமல் கொலோனுக்குப் போகலாம். ஒரு சனிக்கிழமை நானும் தர்சியும் போனோம். ரெயிலில் யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமெரிக்கரின் பள்ளிக்கூட வாசல் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பூட்டியிருந்தது. இப்போது தொலைக்காட்சியில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து ரெயில் ரெயிலாக வந்து இறங்குகிற சனத்தைக் காட்டுகிறார்கள். கைதட்டி வரவேற்கிறார்கள், வாழைப்பழம் கொடுக்கிறார்கள். வரட்டும் பாவங்கள். யாருடைய கையையும் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் கேதீஸ் தொலைபேசி எடுத்தான். முதலில் தர்சி கதைத்தாள், பாதி தமிழ், பாதி ஜெர்மன். மாமா, அங்கே அந்த விளையாட்டு இருக்குமே, விளையாடுகிறீர்களா என்று கேட்டாள். அவன் என்ன சொன்னானோ, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் தந்தாள்.

"இருக்கு அக்கா, பக்கத்திலயே மைதானம்" என்றான். "ஒருக்காப் போய் எறிஞ்சு பாத்தன். கை இடுப்போட நிண்டுட்டுது. மேலை வருகுதில்லை. பக்கத்திலை நிண்டவங்கள், நோவோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"கேதீஸ், நான் அண்டைக்குப் போய்ச் சொல்லியிருக்கவேணும்" என்றேன். ஒரு வருடமாகச் சொல்ல நினைத்தது.

"அதை விடுங்கோ அக்கா" என்றான். "இஞ்சயும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள், வாற மாசம். என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு. பதினொரு நாளையும் சொல்லு. காலைச் சொல்லு."

"காலிலை அடையாளம் ஒண்டும் இல்லையே அக்கா" என்றான்.

நாலு வருடத்துக்கு முதல் குலம் அண்ணை இதே சொல்லைச் சொன்னபோது என் வாயில் உடனே பதில் வந்தது. இந்த முறை வரவில்லை. அவன் அங்கே காத்துக்கொண்டு நின்றான்.